ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர் கவனிக்காத அருவி

பேய்ப்படம் ஒன்று கைக்கு வந்தால் 'கணினியில் ஒட்டுவேலை செய்திருப்பார்களோ?' என்றுதான் முதலில் கேட்கிறோம். இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. ஆனால் என்னைக் கேட்டால் அது பாதிக் கேள்விதான். படத்தில் கைவைக்காமலேயே உலகத்தை ஏமாற்றலாம் என்பதற்கு இங்கிலாந்தின் காட்டிங்லி தேவதைகளே சாட்சி.

1917-ல் யார்க்‌ஷயரின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயது எல்சியும் அவளுடைய உறவுக்காரச் சிறுமி பிரான்சிஸும் (வயது 9) அப்பாவின் கேமிராவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த ஓடைக்குப் போனார்கள். கழுவிய கண்ணாடித் தகட்டில், பிரான்சிஸின் முன்னால் சிறகு முளைத்த நான்கு குட்டித் தேவதைகள் ஆடிக்கொண்டிருந்தன! பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த எட்வர்ட் கார்ட்னர் (நம் அடையாறில் தலைமையகம் உள்ள அதே சங்கம்தான்) படங்களை ஒரு நிபுணரிடம் காட்டினார். ஒரே முறை ஒளிபட்ட தகடு, அட்டை உருவங்கள் வைத்த தடயமில்லை என்றார் நிபுணர். முதல் பாதி உண்மை. கோடாக் நிறுவனமோ சான்றிதழ் தர மறுத்துவிட்டது. 1920 டிசம்பர் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஆர்தர் கானன் டாயில் படங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

அந்த முதல் படத்தை இணையத்தில் தேடி நிதானமாகப் பாருங்கள். பின்னால் விழும் அருவி பஞ்சு போலக் கலங்கியிருக்கிறது. அதாவது கேமிராவின் கண் சற்று நேரம் திறந்தே இருந்திருக்கிறது. அவ்வளவு நேரமும் ஆடிய தேவதைகளின் சிறகு மட்டும் எப்படிக் கலங்காமல் நிற்கும்? ஹோம்ஸ் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

1983-ல், முதுமையில், இருவரும் ஒப்புக்கொண்டார்கள். 'இளவரசி மேரியின் பரிசுப் புத்தகம்' என்ற 1914-ஆம் ஆண்டு நூலின் படங்களைப் பார்த்து வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியில் குத்தி நிறுத்திய உருவங்கள் அவை. அதே நூலில் டாயிலின் கதை ஒன்றும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

வெட்டப்படாத முழுப்படத்தையும் கேட்டு வாங்க வேண்டும். 1934-ல் 'டெய்லி மெயில்' வெளியிட்ட லாக் நெஸ் ஏரி விலங்கின் படத்தில் சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பார்த்தால், சின்னஞ்சிறு அலைகளுக்கு நடுவே அந்தக் கழுத்தும் சிறுத்துப்போகிறது. பொம்மை நீர்மூழ்கியில் பொருத்திய கழுத்து அது என்று 1994-ல் வெளிவந்தது. 'ஆவி உருண்டைகள்' பெரும்பாலும் லென்ஸுக்கு அருகே பறக்கும் தூசியில் பட்ட ஃபிளாஷ் வெளிச்சம். இரவுநேரக் கண்காணிப்புக் கேமிராவில் வரும் வெள்ளைப் 'பேயும்' பல சமயம் சிலந்தியே.

இதிலெல்லாம் யாரும் அதிகம் இழந்துவிடவில்லை. க்ரூ நகரத்து வில்லியம் ஹோப்பின் சங்கதி வேறு. முதல் உலகப்போரில் மாண்ட பிள்ளைகளின் முகத்தைத் தேடிப் பெற்றோர் அவரிடம் போனார்கள். புகைப்படத்தில் அவர்கள் அருகே மங்கலாக ஒரு முகம் வரும். 1922-ல் ஹாரி பிரைஸ், எக்ஸ்ரே கதிரால் ரகசியக் குறியிட்ட தகடுகளுடன் போனார். 'ஆவி' விழுந்த தகட்டில் அந்தக் குறி இல்லை, தகடு மாற்றப்பட்டிருந்தது. டாயில் அப்போதும் ஹோப்பின் பக்கமே நின்றார். 1918-ல் மகன் கிங்ஸ்லியைப் பறிகொடுத்தவர் அவர். எனக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை.