பினேகா: ஆறு வகுத்த மாவட்டம்

பினேகா ஆறு, ரஷ்யாவின் வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் மாகாணக் காடுகளுக்குள் பேலயா, சோர்னயா என்ற இரு சிற்றாறுகள் கூடும் இடத்தில் பிறக்கிறது. 779 கிலோமீட்டர் ஓடி வடக்கு த்வினா ஆற்றில் கலக்கிறது. நெடுந்தூரம் வடமேற்காகவே வரும் ஆறு, பினேகா என்ற ஊரருகே தென்மேற்காகத் திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, வெண்கடலை நோக்கிக் குலோய் என்ற வேறோர் ஆறு ஓடுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படகையும் சரக்கையும் தரைவழியே இழுத்துச் சென்றார்கள். ஊர் வளர்ந்ததே அதனால்தான். 1920-களின் பிற்பகுதியில் அதே இடத்தில் ஒரு கால்வாயும் வெட்டப்பட்டது.

பினேகா என்ற பெயர், வணிகக் குடியரசான நோவ்கொரோதின் 1137-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே காணப்படுகிறது. காட்டு விலங்குகளின் மென்மயிர்த் தோல்தான் நோவ்கொரோதை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. 1478-இல் மாஸ்கோ நோவ்கொரோதை விழுங்கியபோது இந்தக் கரைகளும் அதன் கைக்குப் போயின. ஆனாலும் நிலப்பிரபுக்களின் பண்ணையடிமை முறை இங்கே வேரூன்றவில்லை. குடியானவர்கள் அரசுக்கு நேராக வரி கட்டினார்கள். ஊர்க் காரியங்களை ஊர்ச்சபைகளே பார்த்துக்கொண்டன.

மாஸ்கோ காலத்து நிர்வாகத் தலைமையிடம் ஆற்றின் நடுப்பகுதியில் இருந்த கெவ்ரோலா. பேரரசி இரண்டாம் கேத்தரீன் மாகாணங்களைத் திருத்தியமைத்தபோது, 1780-இல் பினேகாவுக்கு நகர அந்தஸ்து கிடைத்தது; தலைமையிடமும் அங்கே மாறியது. நகரம் என்பது காகிதத்தில்தான். மரவீடுகள் நிறைந்த சிற்றூராகவே அது இருந்தது.

தலைநகருக்கு எட்டாத தூரம் அரசுக்கு வேறொரு விதத்திலும் பயன்பட்டது. இளவரசி சோஃபியாவின் ஆட்சியில் செல்வாக்கின் உச்சியில் இருந்த வசீலி கலீத்சின், 1689-இல் சோஃபியா வீழ்ந்ததும் வடக்கே நாடுகடத்தப்பட்டார். 1714-இல் இறந்த அவருடைய கல்லறை பினேகாவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்கி மடத்தில் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டு கழித்து எழுத்தாளர் அலெக்சாந்தர் கிரீனும் பினேகா ஊருக்கு நாடுகடத்தப்பட்டார்.

புரட்சிக்குப் பின் 1925-இல் பினேகா நகர அந்தஸ்தை இழந்தது. 1929-இல் பழைய மாகாணமும் அதன் மாவட்டங்களும் கலைக்கப்பட்டு, இந்த ஆற்றங்கரையில் பினேகா, கார்ப்பகோரி என இரண்டு புதிய மாவட்டங்கள் அமைந்தன. 1950-களின் இறுதியில் இரண்டும் ஒன்றாயின. பெயர் பினேகாவுடையது, தலைமையிடமோ கார்ப்பகோரி. மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் கிடந்த பினேகாவைவிட நடுவில் இருந்த கார்ப்பகோரி நிர்வாகத்துக்கு வசதி. பழைய கெவ்ரோலாவும் அதன் அருகில்தான் இருக்கிறது என்பதைக் கவனித்தால், 1780-இல் எடுத்த முடிவைத்தான் சோவியத் அதிகாரிகள் மாற்றினார்கள் என்று சொல்லத் தோன்றும். பிற்பாடு அர்ஹாங்கெல்ஸ்கிலிருந்து வந்த ரயில்பாதையும் கார்ப்பகோரியில் வந்து முடிந்தது.

மாவட்டத்தின் பரப்பு 32,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். பெல்ஜியத்தைவிடச் சற்றுப் பெரியது. 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகையோ சுமார் 26 ஆயிரம்தான். மற்றதெல்லாம் ஊசியிலைக் காடும் சதுப்பும். பினேகா ஊரைச் சுற்றி நிலத்தடியில் ஜிப்சம் பாறை கரைந்து குகைகள் உண்டாகியிருக்கின்றன. அந்தப் பகுதியைக் காக்க 1974-இல் இயற்கைக் காப்பகம் ஏற்பட்டது.

மரம் வெட்டுவதே முக்கியத் தொழில். வெட்டிய மரங்களை வசந்தகால வெள்ளத்தில் ஆற்றோடு மிதக்கவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. கூட்டுப்பண்ணை வாழ்க்கையின் பாடுகளை நாவல்களாக்கிய ஃபியோதர் அப்ராமொவ் 1920-இல் பிறந்த வெர்கோலா இந்த மாவட்டத்துக் கிராமம். அதன் புகழ்பெற்ற மடம் எதிர்க்கரையில் இருப்பதால், பனி உருகும் வாரங்களில் கிராமத்துக்கும் மடத்துக்கும் போக்குவரத்து அற்றுப்போகும்.

மாவட்டத்துக்குள், சோவியத் காலத்துக் கிராம சோவியத்துகள் (கிராம நிர்வாக அலகுகள்) அதன் பிறகும் நிலப்பிரிவுகளாக நீடித்தன. 2000-களில் உள்ளாட்சிச் சட்டம் மாறியபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் அவற்றின்மேல் தனி அடுக்காக வந்தன. இரண்டு அடுக்கிலும் அலகுகள் பெரும்பாலும் ஆற்றோரக் கிராமத் தொகுதிகளாகவே இருந்தன.