பயிரிடாப் பகுதி

“மருந்தா அடிச்சிருக்காவ? புல்லுக்கு என்னய்யா நோக்காடு?”

பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. பாளையங்கோட்டையில் நாங்கள் காலையில் நடக்கச் செல்லும் பூங்காவில்தான் அவர் பிள்ளையாருக்குரிய அறுகம்புல்லைப் பறிப்பது வழக்கம். சென்ற சங்கடஹர சதுர்த்திக்கு முதல்நாளும் பறித்துச் சென்றார். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் புல்வெளி முழுவதும் மஞ்சளித்துக் கிடந்தது. காவலாளியை விசாரித்தபோது, சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்பு களைக்கு மருந்தடித்தார்கள் என்றார். ஆக, மூதாட்டி பறித்த வேளையில் நஞ்சேறிய புல் பச்சையாகவே இருந்திருக்கிறது.

பூச்சி மருந்து, எலி மருந்து, களை மருந்து என்று நஞ்சையெல்லாம் மருந்தாக்கி வைத்திருக்கிறது நம் பேச்சுவழக்கு. ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்றால் பிணி தீர்ந்தது என்று ஊரில் எவரும் பொருள்கொள்வதில்லை. எழுத்து வழக்கில் உள்ள ‘களைக்கொல்லி’ நேர்மையான சொல். ஆனால் அது புட்டியின் மேல் ஒட்டிய தாளோடு நின்றுவிடுகிறது.

‘களை’ என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்க சொல்லே. களைதல் என்னும் வினையோடு ஒட்டிப் பிறந்தது. எது களையப்படுகிறதோ அது களை. தனியொரு செடிக்கு அப்பெயர் இல்லை. அறுகு, நெல்வயலில் களை, பிள்ளையார்முன் பூசைப்பொருள், ஆட்டுக்குத் தீனி, சித்த மருத்துவருக்குச் சரக்கு. கொடியவரை ஒறுக்கும் அரசனுக்குக் களைபறிக்கும் உழவனைச் செங்கோன்மை அதிகாரத்தில் உவமையாக்கினார் வள்ளுவர். உழவு அதிகாரத்திலும் களையெடுப்பைக் குறிக்கிறார். இரண்டு இடத்திலும் அது பயிரின் பொருட்டே நிகழ்கிறது. பயிரே இல்லாத இடத்தில் களை எது என்னும் கேள்வி அவருக்கு எழவில்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம். இரண்டிலும் களையெடுப்பு பெண்களின் வேலை. முதுகு ஒடியும் வேலைதான். அதைப் பொற்காலமாக்கிப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. ஆயினும் களையெடுக்கப் போனவர்கள் மாலையில் மடிநிறைய ஆரைக்கீரையோ பொன்னாங்கண்ணியோ கொண்டுவருவதுண்டு. பிடுங்கியவற்றில் எது உணவு, எது தீனி, எது குப்பை என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

தெளிப்பானுக்கு அந்த வேறுபாடு தெரியாது. தற்காலக் களைக்கொல்லிகளின் கதை இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஆய்வுக்கூடங்களில் தொடங்குகிறது. 2,4-டி அக்காலத்தது. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் மலாயாவிலும், பின்னர் 1971 வரை அமெரிக்கர் வியட்நாமிலும் இவ்வகை வேதிப்பொருள்களை வானிலிருந்து தெளித்தனர். எங்கள் பூங்காவின் வேப்பமரத்தடியில் கிடந்த காலிப் புட்டியில் இருந்த பெயர் கிளைபோசேட். மான்சான்டோ நிறுவனத்தின் ஜான் ஃபிரான்ஸ் 1970-இல் அதன் களைகொல்லும் திறனைக் கண்டறிந்தார். 1974-இல் சந்தைக்கு வந்தது. இலைவழி புகுந்து வேர்வரை இறங்கி, செடி தன் வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களை ஆக்கும் ஒரு நொதியைத் தடுத்துவிடுகிறது. செடி உடனே கருகுவதில்லை. மஞ்சளிக்கச் சில நாள்கள் ஆகும். அந்த நாள்களில் பார்வைக்கு அது நல்ல புல்.

2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று இதை வகைப்படுத்திற்று. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அம்முடிவை ஏற்கவில்லை. அவ்வழக்கைத் தீர்க்கும் தகுதி தமிழ் படித்த எங்களுக்கு இல்லை. எங்கள் கண்ணை உறுத்தியது சட்டத்தில் உள்ள ஒரு தொடர். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் கிளைபோசேட்டுக்கு இசைவளிக்கப்பட்ட இடங்கள் இரண்டு: தேயிலைத் தோட்டம், ‘பயிரிடாப் பகுதி’. இவ்வட்டாரத்தின் தேயிலை மாஞ்சோலை மலைமேல்தான் இருந்தது. 2024-இல் அத்தோட்ட வேலையும் நின்றது. எனவே சமவெளியில் சட்டம் காட்டும் இடம் பயிரிடாப் பகுதி ஒன்றே. பூங்கா, விளையாட்டுத் திடல், சாலையோரம், கால்வாய்க்கரை யாவும் அதில் அடக்கம். மனிதரும் ஆடுமாடும் அதிகம் புழங்கும் இடங்கள் இவை; சட்டத்தின் கண்ணுக்கோ வெற்றிடம். பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலில் உரிமம் பெற்றவர்களே இதைத் தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் நடுவணரசு அறிவித்தது. எங்கள் பூங்காவில் தெளித்தவர் கையுறைகூட இல்லாத ஒரு தினக்கூலி.

இத்தகைய கவலை வேறெங்கேனும் செவிமடுக்கப்பட்டதா என்று தேடியபோது கனடாவின் ஹட்சன் என்னும் சிற்றூர் அகப்பட்டது. அங்கே ஜூன் இர்வின் என்னும் தோல்நோய் மருத்துவர் 1985 முதல் ஊர்மன்றக் கூட்டங்களுக்கு விடாமல் சென்று, புல்வெளிகளில் தெளிக்கப்படும் நஞ்சைப்பற்றி வினவிக்கொண்டிருந்தார். 1991-இல் ஊர்மன்றம், அழகுக்காக மட்டும் தெளிப்பதைத் துணைவிதி இயற்றித் தடுத்தது. புல்வெளி பராமரிக்கும் இரு நிறுவனங்கள் வழக்காடின. 2001 ஜூன் 28-இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஊர்மன்றத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒன்டாரியோ மாகாணம் முழுமைக்கும் 2009 ஏப்ரலில் இத்தகைய தடை நடைமுறைக்கு வந்தது. ஸ்கார்பரோவில் நம்மவர் குழந்தைகள் ஓடியாடும் பூங்காக்களும் அதில் அடங்கும். நாங்கள் மதிப்பது தீர்ப்பைக் காட்டிலும் முந்தைய ஆறாண்டுகளை. ஒரே கேள்வியை ஆறாண்டு கேட்பவரை எங்கள் பக்கத்தில் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் மனு எளியது. எவருக்கும் நோய் வந்ததாக அதில் எழுதவில்லை. அப்படி எதுவும் நேரவில்லை. மண்வெட்டியால் செதுக்கச் செய்யுங்கள். தெளித்தே தீரவேண்டுமென்றால் தேதியும் பொருளின் பெயரும் எழுதிய பலகையை வாயிலில் வையுங்கள். தெளிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுங்கள். இருபத்துமூன்று பேர் கையொப்பமிட்டோம். பலகையில் களைக்கொல்லி என்று எழுதுவதா, மருந்து என்று எழுதுவதா என்று எங்களுக்குள்ளேயே வாதம் எழுந்தது. ‘விஷம்’ என்றே எழுதச் சொல்லுங்கள் என்று மூதாட்டி முடித்துவைத்தார்.

ஒப்புகைச்சீட்டு தந்திருக்கிறார்கள். பலகை இன்னும் வரவில்லை. மூதாட்டி அப்பூங்காவில் இப்போது பறிப்பதில்லை. வாயிலில் நடைப்பயிற்சியாளருக்கு அறுகம்புல் சாறு விற்கும் இளைஞரிடம், புல் எங்கிருந்து வருகிறது தம்பி என்று நேற்றுக் கேட்டோம். பாளையங்கால்வாய்க் கரையிலிருந்து என்றார்.