கடாரம்: வென்ற கதையும் வாழ்ந்த கதையும்

நம் வகுப்பறைகளில் 'கடாரம்' என்னும் சொல் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. 'கொண்டான்' என்பதைத் துணைக்கு அழைத்துக்கொண்டே வரும். இராசேந்திர சோழனின் விருதுப் பெயரைச் சொல்லி, படையெடுத்த ஆண்டையும் சொல்லி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றது அவ்வளவே; பல ஆண்டுகள் கற்பித்ததும் அவ்வளவே. அறிஞர் பலரும் கடாரம் என்று கொள்ளும் ஊர், நாம் வாழும் இந்நாட்டிலேயே, கெடா மாநிலக் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. அதை நேரிற் காணும் வரை, எனக்கும் கடாரம் ஒரு விருதுப் பெயரின் முற்பாதியாகவே இருந்தது.

மலையடியில் ஒரு கேள்வி

கோலா தெர்லாவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கி, ஈப்போவைக் கடந்து, வடக்கே சுங்கைப்பட்டாணியை அடைந்து மெர்போக்கை நோக்கித் திரும்பினால், ஜெராய் மலை எதிரே நிற்கும். அதன் உயரம் 1,217 மீட்டர். கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு அது பெரிய மலையாகத் தோன்றவில்லை. ஆயினும் தாழ்ந்த கடற்கரையில் தனித்து நிற்கும் மலை அது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்குக் கரை தெரியுமுன் இம்மலைதான் தெரிந்திருக்கும். மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலமே பூஜாங் பள்ளத்தாக்கு.

அங்குள்ள தொல்பொருட் காட்சியகத்தின் அருகே, ஓடைக்கரையில், புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. 'பத்து' என்றால் கல். 'பகாட்' என்றால் உளி. முன்னே நீண்ட மண்டபம், பின்னே சதுரமான கருவறை, தூண்கள் நின்ற கல் ஆதாரங்கள் ஆகியவை உள்ளன. மேற்கூரை இல்லை, அது மரத்தாலும் ஓலையாலும் ஆகியிருக்கலாம் என்பர். கல்லின் மீது கைவைத்து நின்ற மாணவி ஒருத்தி, "ஐயா, இது ராஜேந்திர சோழன் கட்டின கோயிலா?" என்று கேட்டாள்.

ஆம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் அப்படிச் சொல்லச் சான்று ஒன்றும் இல்லை. சோழர் கல்வெட்டு எதுவும் இப்பள்ளத்தாக்கில் கிடைக்கவில்லை. "இல்லையம்மா, இது அவனுடைய கோயில் என்று சொல்ல முடியாது" என்றேன். அவள் முகம் வாடியதைக் கண்டேன். அந்த வாட்டத்துக்குக் காரணம் கோயிலன்று. நான் நடத்திய பாடமே.

மண் தரும் சான்று

இப்பகுதியின் பழஞ்சின்னங்களை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கவனித்தவர் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. பின்னர், 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் தம் துணைவியாருடன் ஏறத்தாழ முப்பது இடங்களை ஆராய்ந்தார். புக்கிட் பத்து பகாட் கோயிலை அகழ்ந்து, 1960-ஆம் ஆண்டையொட்டி மீட்டமைத்தவர் அலஸ்டர் லேம். அதன் அடியிலிருந்து, பொன் முதலியவற்றாலான சிறு பொருள்களையும் மணிக்கற்களையும் கொண்ட கல் பேழைகள் கிடைத்தன.

இந்நூற்றாண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வு வேறொரு வாயிலைத் திறந்தது. இரும்பு உருக்கிய இடங்கள், காற்றூதிய களிமண் குழாய்கள், செங்கற் கட்டடங்கள், படகுத்துறைச் சின்னங்கள் ஆகியன அங்கே வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பழையவற்றின் காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சோழர் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இம்மண்ணின் மக்கள் இங்கே இரும்பு செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. சுங்கை மாஸ், பெங்காலான் பூஜாங் முதலிய இடங்களில் மணிகளும், சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்துள்ளன. ஓர் அரசனின் வெற்றிக்கு அவை சான்றல்ல. பல நாட்டார் கூடிய அங்காடிக்குச் சான்று.

காற்றுக்குக் காத்திருந்தோர்

பாய்மரக் கப்பல் காற்றின் கட்டளைக்கு அடங்கியது. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவன், வடகிழக்குக் காற்று எழும் வரை திரும்ப முடியாது. ஆகவே கடாரம் மாதக் கணக்கில் தங்கும் ஊராயிற்று. தங்கும் ஊரில் வணிகனுக்குக் கிடங்கு வேண்டும். வழிபட ஓர் இடமும் வேண்டும். ஆற்றங்கரைகளில் சைவக் கோயில்களும் பௌத்தக் கட்டடங்களும் அருகருகே எழுந்ததன் பொருளை இப்படி எண்ணினால் உணரலாம்.

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களுள் காழகத்துப் பொருளையும் குறிக்கிறது. காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரைகண்டார். லோ 1834-ஆம் ஆண்டில் செபராங் பிறையில் கண்ட கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாநாவிகனைக் குறிக்கிறது. அது ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டினது. 7-ஆம் நூற்றாண்டில் இவ்வழி சென்ற சீனத் துறவி இட்சிங், கடாரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு முப்பது நாட் பயணம் என்று குறித்துவைத்தார். சுமத்திராவின் பாருஸ் அருகே கிடைத்த, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. தமிழர் இக்கடலில் வணிகராக நெடுங்காலம் இயங்கினர். படையாக வந்தது சில வேளைகளில் மட்டுமே.

கொடையும் படையும்

கடார அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரால் சூடாமணி விகாரத்தை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை 1006-ஆம் ஆண்டையொட்டி வழங்கியவன் இராசராசன். அக்கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைநாட்டியவன் இராசேந்திரன். ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் நெடுங்காலம் இருந்தமையால், அவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. அதே இராசேந்திரன்தான் 1025-ஆம் ஆண்டில் கடாரத்தின் மீது கப்பற்படை செலுத்தினான். 1090-ஆம் ஆண்டில், கடாரத்துத் தூதர் வேண்ட, முதற் குலோத்துங்கன் அவ்விகாரத்துக்குரிய உரிமைகளை மீண்டும் உறுதிசெய்தான். கொடைக்கு முன்னும் உறவு இருந்தது. படைக்குப் பின்னும் உறவு இருந்தது. இடையிலிருந்த ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை நாம் மறந்தோம்.

எஞ்சியதைக் காப்போம்

துறைமுகங்களுக்கு ஆறே தாய். ஆறே பகையும் ஆகும். மத்தியதரைக் கடலோரத்து எபேசு நகரின் துறை, ஆற்று வண்டலால் தூர்ந்து, இன்று கடலுக்குப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. பாண்டியரின் கொற்கையும் அவ்வாறே கரையை இழந்தது. சுங்கை பத்துவின் படகுத்துறையும் இன்று தரையிலே நிற்கிறது. இவை காலத்தின் செயல். ஆனால் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையதாகக் கருதப்பட்ட 11-ஆம் எண் கோயிற் சின்னம், தனியார் நிலத்தில் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாயிற்று. அது பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்படாதிருந்தது. இது மனிதரின் செயல்.

'எல்லாம் எம்மவர் கட்டியவை' என்று நாம் மிகைபடச் சொன்னால், பிறர் அதை மறுப்பதிலேயே முனைவர். சின்னத்தைக் காக்கும் எண்ணம் பின்தங்கிவிடும். இம்மண்ணின் மக்கள் செய்த இரும்பு, தமிழகம் தந்த கோயிலமைப்பு, சீனர் கொணர்ந்த பீங்கான் எல்லாம் சேர்ந்ததே கடாரம் என்று உண்மையைச் சொன்னால், அது இந்நாட்டார் அனைவருக்கும் உரிய செல்வமாகும். அனைவருக்கும் உரியதை அனைவரும் காப்பர்.

ஆசிரிய நண்பர்கள் மாணாக்கரை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும். திரும்பும் வழியில் அம்மாணவி மீண்டும் கேட்டாள்: "அப்போ யார்தான் ஐயா கட்டினது?" "காற்றுக்குக் காத்திருந்தவர்களும், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களும்" என்றேன். இம்முறை அவள் முகம் வாடவில்லை. குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.