ஒளியில் விரியும் பாய்



எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு முதலிய எம் தீவுகளில் பாயின் இயல்பை எவருக்கும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. சோளகத்தில் பாயை எவ்வாறு பிடிப்பது, வாடையில் எவ்வாறு சரிப்பது என்பதை எம்மவர் இளமையிலேயே பயின்றனர். இயந்திரப் படகுகள் வந்த பின்னர் அவ்வறிவு அருகியதெனினும் முற்றாக மறையவில்லை.

ஆயின், காற்றே இல்லாத வெளியிற் பாயை விரித்தால் அதனைத் தள்ளுவது யாது? இவ்வினா வெறுங் கற்பனையன்று. 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் இந்தியாவுக்காக விண்ணில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ என்னும் செய்மதி, அத்தகைய பாயொன்றை மடித்து ஏந்திச் சென்றது. அப்பாய் விரியவேயில்லை. அதன் வரலாற்றைக் கூறுமுன், ஒளி தள்ளும் என்பதை உலகம் அறிந்த வகையைச் சிறிது நோக்குவோம்.

வால்வெள்ளியின் வால் எப்பொழுதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்வதைக் கண்ட கெப்ளர், சூரியக் கதிர்களே அதனைத் தள்ளுகின்றன என்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருதினார். வானத்துக் காற்றுக்கேற்ற கப்பல்களும் பாய்களும் அமையும் நாளையும் அவர் எண்ணிப் பார்த்தார். 1873இல் மக்ஸ்வெல், ஒளிக்கு அமுக்கம் உண்டென்பதைக் கணிதத்தால் நிறுவினார். ஆயினும் அதனை அளப்பது எளிதாயிருக்கவில்லை. குமிழினுள் எஞ்சிய சிறு வளியும் ஒளியாற் சூடேறித் தகட்டைத் தள்ளிவிடும். எது ஒளியின் செயல், எது வளியின் செயல் என்று பிரித்தறிதல் அரிது. மொஸ்கோவில் லெபெதேவ் அவ்விடரை வென்று 1901இல் தம் அளவீட்டை வெளியிட்டார். 1918இல் மேகநாத் சாகா, சக்கரவர்த்தி என்னும் அறிஞருடன் சேர்ந்து கல்கத்தாவில் இவ்வமுக்கத்தை ஆராய்ந்தார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

“ஒளிக்குத் திணிவு இல்லையே, அது எங்ஙனம் தள்ளும்?” என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். திணிவு இல்லையாயினும் ஒளிக்கு உந்தம் உண்டு. ஒளி தகட்டிற் பட்டுத் திரும்பும்போது அவ்வுந்தம் திசை மாறுகிறது. அம்மாற்றத்துக்கு ஈடாகத் தகடு பின்தள்ளப்படுகிறது. அதனாலேயே கருமையான பரப்பிலும் பளபளப்பான பரப்பு ஏறத்தாழ இருமடங்கு தள்ளப்படும். பூமியின் தொலைவில், பத்துச் சதுர மீற்றர்ப் பளிங்குப் பரப்பின்மேல் விழும் விசை ஒரு நெல்மணியின் எடைக்கும் குறைவு. ஆனால் அது இரவுபகலின்றி, மாதக்கணக்காகத் தள்ளிக்கொண்டேயிருக்கும்.

இனி இன்சாட்டுக்கு வருவோம். முகில்களைப் படமெடுக்கும் அதன் கருவியில் வெப்பக் கதிரை உணரும் பகுதியை மிகக் குளிராக வைத்திருத்தல் வேண்டும். அதற்காகச் செய்மதியின் வடபுறம் இருண்ட வெளியை நோக்கித் திறந்திருக்க, சூரியத் தகடுகள் தென்புறத்தில் மட்டுமே அமைக்கப்பட்டன. ஒருபுறம் மட்டும் ஒளி தள்ளினால் செய்மதி மெல்ல மெல்லத் திரும்பிவிடுமன்றோ? அதைச் சமன் செய்யவே வடபுறத்தில் நீண்ட கோலின் முனையில் ஒரு பாய் வைக்கப்பட்டது. ஓட்டுவதற்கன்று, சாயாதிருப்பதற்கான பாய். ஒருபுறம் சரியும் வள்ளத்தின் மறுபுறத்திற் பலகை நீட்டி ஆளை இருத்துவதற்கு ஒப்பானது இது.

பாய் விரியாமற்போகவே நிலைகாக்கும் வேலை எரிபொருளின்மேல் விழுந்தது. அச்செய்மதிக்கு வேறு இடர்களும் நேர்ந்தன. பழியெல்லாம் பாய்க்கே உரியதென்பது பொருந்தாது. எரிபொருள் தீர்ந்து, 1982 செப்டெம்பரில் அது கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஓகத்து 30ஆம் நாள் சலஞ்சர் ஓடத்திற் சென்ற இன்சாட்-1பி, தொடக்கத்தில் இடர்ப்பட்டபோதிலும் பல்லாண்டு உழைத்தது. 1992இல் ஏவப்பட்ட இன்சாட்-2ஏ இந்தியர் தாமே ஆக்கியது. அதிலும் கோலும் பாயும் இருந்தன. வங்கக் கடலில் எழும் புயலை முன்கூட்டிக் காண இத்தகைய செய்மதிகள் உதவின. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது இக்கடற்பரப்பை இடையறாது நோக்கும் இத்தகைய கண் வானில் இருக்கவில்லை.

பாயைக் கொண்டு செலுத்துதலும் பின்னர் கைகூடிற்று. 2010 மே மாதம் யப்பான் ஏவிய இக்காரொசு என்னும் கலம், பக்கமொன்று பதினான்கு மீற்றர் கொண்ட சதுரப் பாயை விரித்தது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏழரைப் பங்கே. அவ்வாண்டு டிசெம்பரில் அது வெள்ளிக் கோளைக் கடந்து சென்றது. கடலில் நீர் படகைப் பக்கவாட்டில் தடுப்பதாற் பாயைச் சரித்து ஓட முடிகிறது. விண்ணில் அந்நீரின் இடத்திற் சூரியனின் ஈர்ப்பு நிற்கிறது. தெறிக்கும் ஒளி கலத்தின் பின்னாகச் செல்லுமாறு பாயைச் சரித்தால் அதன் சுற்றுப்பாதை விரியும். முன்னாகச் செல்லுமாறு சரித்தால் பாதை சுருங்கிச் சூரியனை அணுகும்.

2019இல் ஏவப்பட்ட லைட்செயில்-2 என்னும் அமெரிக்கக் கலமோ பூமியையே சுற்றியது. அங்கு எஞ்சியிருந்த மெல்லிய வளி அதன் பாயை எதிர்த்துத் தடுத்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் ஒளியும் வளியும் அதனை எதிரெதிரே இழுத்தபின், 2022 நவம்பரில் அது வளிமண்டலத்துள் வீழ்ந்து எரிந்தது.