துவைத்த ஓடை

டோபி காட்ல எம்ஆர்டி மாறும்போது அந்தப் பேரை எத்தனை தடவை கேட்டிருப்போம்! காட் என்றால் படித்துறை. சரி, தண்ணீர் எங்கே? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பிராஸ் பாசா ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி துவைத்து, பக்கத்து வெட்டவெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடைதான் பின்னால் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆனது. இப்போது அதன் பெரும்பகுதி தரைக்கு அடியில்.

பக்கத்துக் குன்றின் கதை நேர்மாறு. மலாய்க்காரர்கள் அதை 'புக்கிட் லாரங்கான்' என்றார்கள், தடைசெய்யப்பட்ட குன்று. பழைய அரசர்களின் இடம் என்று மேலே ஏற அஞ்சினார்கள். 1822இல் ராஃபிள்ஸ் அங்கே தாவரத் தோட்டம் போட்டார். பிறகு கோட்டை வந்தது. 1981 முதல் ஃபோர்ட் கேனிங் பூங்கா. இன்னைக்கு யார் வேணும்னாலும் ஏறலாம்.

எனக்கும் அந்த மர நிழல் பிடிக்கும். ஆனா ஒண்ணு உறுத்துது. உலாவப் போகிற பசுமையைக் காப்பாற்றிவிட்டோம். உழைத்துப் பிழைத்த நீருக்குப் பெயர்ப்பலகைதான் மிச்சம்.

2010 ஜூனில் கொட்டிய மழையில் அந்தக் கால்வாய் கொள்ளாமல் ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதன்பின் ஒரு மாற்றுக் கால்வாய் வெட்டினார்கள், 2018இல் முடிந்தது. அதிலும் ஒரு பகுதி சுரங்கம்தான்.