உடற்கல்வியில் தொழில்நுட்பம்

பள்ளி மைதானத்திலும் நலக்கல்வி வகுப்பிலும் மாணவரின் உடல்திறனையும் அசைவையும் அளக்க, பதிவு செய்ய, விளக்கப் பயன்படும் கருவிகளும் முறைகளும் உடற்கல்வித் தொழில்நுட்பம் எனப்படும். ஸ்டாப்வாட்ச், ஒலிநாடா, பெடோமீட்டர், இதயத்துடிப்பு அளவி, கைபேசிச் செயலி, வீடியோப் பதிவு ஆகியவை இதில் அடங்கும். கருவி எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, அது தரும் எண் எதனோடு ஒப்பிடப்படுகிறது, யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதே அதன் பயனை முடிவு செய்கிறது. இத்துறையின் அரை நூற்றாண்டு வரலாறு இதைத்தான் காட்டுகிறது.

வரலாறு

1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் இடுப்பில் செருகும் பெடோமீட்டர் ஒன்றை 'மான்போ-கேய்' என்ற பெயரில் விற்றது. 'பத்தாயிரம் அடி மானி' என்பது அதன் பொருள். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று இன்று ஊரெல்லாம் சொல்லும் இலக்கு, மருத்துவ ஆய்விலிருந்து அல்ல, அந்த வணிகப் பெயரிலிருந்து பரவியது. பள்ளிகளைப் பொறுத்தவரை 1982 முக்கியமான ஆண்டு. மான்ட்ரியாலில் லூக் லெஜே தம் சக ஆய்வாளருடன் 20 மீட்டர் ஓட்டச் சோதனையை வெளியிட்டார். டல்லஸ் நகரின் கூப்பர் நிறுவனம் 'ஃபிட்னஸ்கிராம்' என்ற கணினி அறிக்கையைத் தொடங்கியது. பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லா இதயத்துடிப்பு அளவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவற்றுள் மிக எளியது லெஜேயின் 'பீப்' சோதனை. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் இருக்கும்; நாடாவில் அடுத்த ஒலி கேட்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். இன்று வழக்கிலுள்ள வடிவத்தில் மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் அரைக் கிலோமீட்டர் கூடும். கோட்டிலிருந்து கோட்டுக்கு முதலில் எட்டரை விநாடி கிடைக்கும். போகப் போக அது சுருங்கும். ஒரு நாடாவை வைத்து வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடலாம். ஆனால் மூச்சு வாங்கி முதலில் நிற்கும் பிள்ளையை வகுப்பே பார்க்கும்.

ஒப்பீட்டின் மாற்றம்

அந்தப் பிள்ளையை எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. அமெரிக்காவில் 1966-இல் ஏற்படுத்தப்பட்ட குடியரசுத் தலைவர் உடல்தகுதி விருது, நாட்டின் மாணவர்களில் முதல் 15 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. மற்றவர்களுக்கு அது தோல்விப் பட்டியலாகவே அமைந்தது. ஃபிட்னஸ்கிராம் வேறு வழியில் போனது. 'எத்தனையாவது இடம்' என்று கேட்காமல், 'நலமாக வாழப் போதிய திறன் இருக்கிறதா' என்று கேட்டது. 2012-13 கல்வியாண்டில் அந்நாட்டின் அரசுத் திட்டமும் இவ்வழிக்கு மாறியது. 2025-இல் அந்த விருதுக்கான பழைய சோதனையை மீட்க ஆணை பிறந்ததால் வாதம் இன்னும் ஓயவில்லை. கருவியால் பார்வையே மாறலாம் என்பதற்கு இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில் பள்ளி சான்று. அங்கு உடற்கல்வி ஆசிரியர் ஃபில் லாலர், ஓட்டத்தில் பின்தங்கிய மாணவி ஒருத்திக்கு இதயத்துடிப்பு அளவியை மாட்டிப் பார்த்தார். அவளுடைய இதயம் உச்ச அளவை ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்டாப்வாட்ச் சோம்பல் என்று காட்டியிருக்கக்கூடியதை இக்கருவி கடும் உழைப்பு என்று காட்டியது. இருந்தாலும் எச்சரிக்கை தேவை: 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் வழக்கமான வாய்பாடு தோராயமானது, சிறுவர்களுக்கு அது சரியாகப் பொருந்துவதில்லை.

மறுப்புகள்

கைபேசியில் மூழ்கிய தலைமுறைக்கு இன்னொரு திரை எதற்கு என்பது முதல் மறுப்பு. கேள்வி நியாயமானதே. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. 2016 நிலவரப்படி 11-17 வயதினரில் 81 விழுக்காட்டினர் தேவையான அளவு இயங்கவில்லை. ஆனால் நீளம் தாண்டும் மாணவி, மிதிபலகையில் தன் கால் விழுந்த இடத்தை மெதுவாக ஓடும் வீடியோவில் சில விநாடி பார்த்துவிட்டு மறுபடி ஓடப் போனால், திரை அவளை உட்கார வைக்கவில்லை. ஓடும் நேரத்தைத் தின்னாதவரை கருவிக்கு மைதானத்தில் இடமுண்டு. இரண்டாவது மறுப்பு வலுவானது: எண்கள் ஊக்கத்தைக் கெடுக்கின்றன என்பது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 13-14 வயது மாணவர்கள் எட்டு வாரம் அடிகளை எண்ணும் ஃபிட்பிட் கைப்பட்டை அணிந்தபின் அவர்களின் உள்ளார்ந்த ஊக்கம் குறைந்தது தெரிந்தது. பெரியவர்களிடமும் இத்தகைய பட்டை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 2016-இல் வெளியான ஈராண்டுச் சோதனையில், பட்டை அணிந்தோர் சராசரி 3.5 கிலோ எடை குறைந்தனர். பட்டையில்லாமல் அதே திட்டத்தைப் பின்பற்றியோர் 5.9 கிலோ குறைந்தனர். எனவே கருவியைக் கையில் கட்டிவிட்டாலே பழக்கம் மாறிவிடும் என்ற விளம்பர வாக்கு நிற்காது. ஆனால் இந்த முடிவுகள் அளத்தலையே தள்ளிவிடச் சொல்லவில்லை. பிறர் வைத்த இலக்கை நாள்தோறும் துரத்துவது வேறு. தன் உடலைப் புரிந்துகொள்ள எப்போதாவது அளந்து பார்ப்பது வேறு. மூன்றாவது மறுப்பு, பிள்ளையின் எடையும் துடிப்பும் யாருடைய கணினியில் போய்ச் சேருகின்றன என்பது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைப் பொது விதியாக்கியிருக்கிறது.

ஸ்லோவேனியாவும் இந்தியாவும்

விலையுயர்ந்த கருவியில்லாமலேயே பிள்ளைகளின் உடல்திறனை அளந்து பதிவு செய்யலாம் என்று ஸ்லோவேனியா காட்டுகிறது. 1987 முதல் அந்நாட்டுப் பள்ளிகள் ஆண்டுதோறும், பெற்றோர் ஒப்புதலுடன், உயரம், எடை, தோல்மடிப்புத் தடிமன் ஆகியவற்றோடு எட்டு உடல்திறன் சோதனைகளையும் பதிவு செய்கின்றன. அளவுநாடா, ஸ்டாப்வாட்ச், விரிப்பு ஆகியவையே பெரும்பாலும் போதும். ஒரு சோதனையில் பிள்ளைகள் கையும் காலும் ஊன்றிப் பின்னோக்கித் தவழ்ந்தே தடைகளைக் கடக்கிறார்கள். ஆண்டுதோறும் விடாமல் சேர்த்த பதிவு இருந்ததால், 2020 ஊரடங்கு பிள்ளைகளின் உடல்திறனை எவ்வளவு வீழ்த்தியது என்பதை அந்நாடு உடனே கண்டுகொண்டது. இந்தியாவில் 2019-இல் வந்த, அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டச் செயலியும் இவ்வகையே. 9 வயதுக்கு மேற்பட்டோருக்கு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், முன்குனிதல் முதலிய சோதனைகளின் அளவை ஆசிரியர் கைபேசியில் பதிகிறார். பதிந்ததோடு வேலை முடிந்தது என்றால் அது இன்னொரு வருகைப்பதிவேடு. 600 மீட்டரைப் போன ஆண்டு எத்தனை நிமிடத்தில் ஓடினோம், இந்த ஆண்டு எத்தனை நிமிடம் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க மாணவருக்கு வாய்ப்புக் கிடைத்தால் அது பாடம்.