அம்மியில் பிறந்த அறிவு

“மிளகு சீரகத்தை நுணுக்கிப் போடு.” ரசம் கொதிக்கிற வீட்டில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. விழுதாக அரைப்பது வேறு, நுணுக்குவது வேறு. மிளகு தெறித்து ஓடாமல் ஒரு கையால் அணைகொடுத்து, குழவியால் நாலு தட்டு, இரண்டு இழுப்பு. அவ்வளவுதான். பொடியாகும், மணம் கல்லோடு போகாது.

அறிவாளியைத் தமிழ் எடைபோட்டதும் இந்தக் கல்லில்தான். ‘ஆழ்ந்த அறிவு’ என்றும் சொல்கிறோம், இல்லாமல் இல்லை. ஆனாலும் பழைய புலவர்கள் மனம் சாய்ந்தது நுண்மையின் பக்கம். எவ்வளவு மெல்லிய இடுக்கிலும் புத்தி நுழைகிறதா என்று பார்த்தார்கள். படிக்கிற நூல், கேட்கிற கேள்வி, ஆராய்கிற அறிவு மூன்றுக்கும் வள்ளுவர், நுணுக்குவதிலும் இருக்கும் ‘நுண்’ என்ற ஒரே வேரிலிருந்து அடைமொழி எடுக்கிறார்.

நூல் என்ற சொல்லே இரட்டைப் பிறவி. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை: சொற்கள் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, மதி அவள் கதிர். இன்றைய நூல் கடையில் இதற்குக் கணக்கே உண்டு. ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை தேறுகிறதோ, அதுதான் கவுண்ட். எண் ஏற ஏற இழை மெலியும். 40ஐவிட 80 சன்னம். புலவர்களுக்கும் இப்படி ஒரு கவுண்ட் போட்டிருந்தால் பட்டிமன்றங்கள் சீக்கிரம் முடிந்திருக்கும்.

20ஆம் நூற்றாண்டில் ‘நுண்’ என்ற சொல்லுக்கு ஓயாத வேலை. நுண்ணுயிர், நுண்கணிதம், நுண்கடன். இவற்றில் அது வெறும் அளவு குறிக்கும் முன்னொட்டு. உளவியல் பாடநூல் அதை ‘நுண்ணறிவு ஈவு’ என்று வகுத்தலில் கட்டிப்போட்டது: மன வயதைக் கால வயதால் வகுத்து 100ஆல் பெருக்கு, 10 வயதுப் பிள்ளைக்கு மன வயது 12 என்றால் 120. காவல்துறைக்குப் போய் ‘நுண்ணறிவுப் பிரிவு’ ஆனபோதோ, புலவனைப் பாராட்டிய சொல் மஃப்டியில் உளவு பார்க்கக் கிளம்பிவிட்டது.

இப்போது செய்தித்தாள் முழுக்கச் ‘செயற்கை நுண்ணறிவு’. டீக்கடையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘ஏஐ’தான். அடுக்களையில் அம்மி போய் மிக்ஸி வந்தும் மூத்த சொல் மட்டும் இடம் மாறவில்லை. சின்ன ஜாரை மாட்டும்போதே பின்னாலிருந்து குரல் வரும்: “நைசா ஓட்டிடாதே, நுணுக்கினாப் போதும்.”